கிழக்குச் சுவர், படிக்கட்டுப் பக்கம்

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது:
பாரம்பரிய மதிப்பு – உண்டு / இல்லை.
பொருந்தாததை அடிக்கவும்.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில்
மெட்ரோ தூணின் நிழல் சாயங்காலம் வந்து தொடுகிற தூரத்தில்
பழைய சார்பதிவாளர் அலுவலகம்.
பூட்டி ஒன்பது வருஷம்.
சாவி தந்திருந்தார்கள்.
பூட்டுத்தான் சாவியை மறந்திருந்தது.
சுத்தியலால் தட்டித் திறந்தவர்
பழைய மரம் வாங்கும் மஸ்தான் கனி.

உத்திரத்தை நகத்தால் கீறி முகர்ந்தார்.
'பர்மா தேக்கு சார், இன்னும் எண்ணெய் விடுது.
கன அடிக்கு நாலாயிரம், இப்பவே எண்ணித் தர்றேன்.'
கடப்பைக் கல்லுக்கு ஒரு விலை.
ஜன்னல் கம்பி எடைக்கு.
கட்டடத்துக்கு மட்டும் அவரிடம் விலை இல்லை;
அது இடிக்கிற கூலியில் கழிந்துவிடுமாம்.

நானும் என் பங்குக்கு எண்ணினேன்.
மெட்ராஸ் தளம், விரிசல் இரண்டு.
சுவர்க் கனம் இருபத்திரண்டு அங்குலம்.
வளைவு ஜன்னல் ஆறு, ஒன்று செங்கல் வைத்து அடைத்தது.
கட்டிய ஆண்டு தெரியவில்லை.
ஊரின் நிலத்துக்கெல்லாம் பத்திரம் பதிந்த கட்டடத்துக்கு
அதன் சொந்தப் பத்திரம்
எந்தக் கோப்பிலும் இல்லை.

மாடியிலிருந்து இறங்கும்போது
டார்ச் வெளிச்சம் கிழக்குச் சுவரில் சரிந்தது.
ஓதம் என்றுதான் முதலில் குறித்தேன்.
நீலமாய், கறுப்பாய், சில இடத்தில் ஊதாவாய்
படிகளோடு சேர்ந்து இறங்கிவரும் ஒரு கறை.
கோயில் தூணில் மிச்ச விபூதியைத்
தட்டிவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி.
கிட்டப் போனேன்.
எல்லாம் பெருவிரல்.

எதிர்க்கடையில் இன்னும் பத்திரம் தட்டச்சு செய்யும் அற்புதமேரி
டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:
'கைநாட்டு வச்சிட்டு இறங்குவாங்க இல்ல,
மை துடைக்கணுமே.
வாங்கினவன் கர்ச்சீப் கொண்டாந்திருப்பான்.
வித்தவன் சுவத்துல துடைப்பான்.'
அவ்வளவுதான்.
யாருக்கோ வில்லங்கச் சான்று அவசரம்,
தாளைச் செருகித் திரும்பிக்கொண்டார்.

மறுபடி போய் நின்றேன்.
ஒரு விரல் கீழ்நோக்கி இழுத்த இழுப்பு.
ஒரு விரல் மூன்று தடவை, போகாத மையோடு மல்லுக்கட்டி.
ஒன்று தாழ்வாக, மிகத் தாழ்வாக.
கூன் விழுந்தவரோ,
எழுந்திருக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டவரோ,
எனக்குத் தெரியாது.

மேலே இருந்த ரெஜிஸ்டர்கள் ஸ்கேன் ஆகி
சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.
நஞ்சை இத்தனை, புஞ்சை இத்தனை,
கிணற்றில் பாதிப் பாத்தியம், மாமரம் ஒன்று,
மனப்பூர்வமாய்ச் சம்மதித்து.
அந்த நஞ்சையில் இப்போது கார் ஷோரூம்.
அந்தச் சம்மதம் கையைத் துடைத்த இடத்தை
ஒருவரும் படியெடுக்கவில்லை.

'இல்லை'யை அடித்தேன்.

குழுவிலிருந்து வந்தார்கள்.
வளைவுகளைப் படமெடுத்தார்கள்.
அருமை, காப்பாற்றியே ஆகவேண்டும் என்றார்கள்.
மஸ்தான் கனி வேறு உத்திரம் தேடிப் போனார்.
ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு திட்ட மதிப்பீடு வந்தது. முதல் வரி:
கடுக்காயும் வெல்லமும் ஊறிய சுண்ணாம்பு,
பழைய முறைப்படி அரைத்து,
உள்ளும் புறமும் வெள்ளை, மூன்று பூச்சு.

இடித்திருந்தால்கூட
செங்கல்லோடு எங்கேயாவது போயிருக்கும் அந்த மை,
யார் வீட்டுக் கழிவறைச் சுவரிலாவது
முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டு.

குறிப்புக் கட்டத்தில் எழுதி அனுப்பினேன்:
'கிழக்குச் சுவர், படிக்கட்டுப் பக்கம்,
படியிலிருந்து ஓரடி முதல் ஐந்தடி உயரம் வரை
வெள்ளையடிக்க வேண்டாம்.'

நேற்றுக் கோப்பு திரும்பி வந்தது.
சிவப்பு மையில் ஒரே சொல்:
காரணம்?

கீழே எழுத
இரண்டு விரற்கடை இடம் விட்டிருக்கிறார்கள்.